இடுப்பு வாருக்கு ஓர் ஆணி

தம்பிக்கு, பிரிக்பீல்ட்ஸிலிருந்து அம்மா. மார்கழிப் பூசைக்குப் போய்வந்த ஈரத்தலையோடு உட்கார்ந்து எழுதுகிறேன். முருகன் புண்ணியத்தில் அப்பாவும் நானும் சுகம். நீ சுகமில்லை என்பது எனக்குத் தெரியும், அதனால் சம்பிரதாயத்துக்குக் கூட உன் சுகத்தை விசாரிக்கவில்லை. இதைப் படித்துவிட்டு மடித்து வைத்துக்கொண்டாலும் சரி, கிள்ளானில் உன்னோடு தங்கியிருக்கும் பிள்ளைகளுக்குப் படித்துக் காட்டினாலும் சரி. நாற்காலியில் உட்கார்ந்து சம்பாதிக்கிற பிள்ளைகள் எல்லாருக்கும் ஆளுக்கு ஒரு முதுகுதானே இருக்கிறது.

உன் கடிதத்தில் கேட்டதை நான் செய்யவில்லை. தை மாதம் வேண்டாம், சர்வே ஆபீசில் வேலை நெருக்குகிறது, கல்யாணத்தை ஆவணிக்குத் தள்ளிவைக்கச் சொல்லிப் பெண் வீட்டுக்குக் கடுதாசி போட்டுவிடுங்கள் என்று எழுதியிருந்தாய். வேலை நெருக்குவது உண்மையாகவே இருக்கட்டும். ஆனால் போன தடவை நீ வந்து குளிக்கப் போனபோது, கதவில் கிடந்த துண்டைத் துவைக்க எடுத்தேன் பார், அதற்கு அடியில் அது தொங்கியது. இரண்டு தோளையும் பின்னுக்கு இழுத்து முதுகில் குறுக்கே மாட்டுகிற சீமை வார், நடுவில் இரும்புத் தகடு. குதிரைச் சேணத்தை மனிதனுக்குத் தைத்தது போல இருந்தது. உன் பனியனில் அக்குளுக்குக் கீழே இரண்டு பக்கமும் ரத்தம் காய்ந்து கறுத்திருந்தது. "என்ன தம்பி இது?" என்று கேட்டேன். "ஒண்ணுமில்லம்மா, கூன் விழாம இருக்க. டவுன்ல வாங்கினேன்" என்றாய். "தூங்கறப்பவும் போட்டுக்கிறியா?" என்றேன். "கழட்டினா முதுகு நிக்க மாட்டேங்குதும்மா" என்றாய். அந்தப் பேச்சை நான் முன்னாலும் ஒரு தடவை கேட்டிருக்கிறேன். யாரிடம் என்று பின்னால் சொல்கிறேன்.

அதற்குப் பிறகுதான் உள்ளே கிடந்தது வெளியே வந்தது. கூட இருக்கும் பையன்கள் உன்னைக் 'கேள்விக்குறி' என்று கூப்பிடுகிறார்கள் என்றாய். அதைச் சிரித்துக்கொண்டே சொன்னாய். அடுத்ததைச் சிரிக்காமல் சொன்னாய். "அம்மி மிதிக்கிறப்ப குனிஞ்சு அவ காலைத் தூக்கிக் கல்லுமேல வெக்கணும், மெட்டி போடணும். அத்தனை பேர் முன்னால எந்திரிக்க முடியாமப் போச்சுன்னா? ரெண்டு ஆள் வந்து மாப்பிள்ளையத் தூக்கி நிறுத்தினா? அந்தப் பொண்ணு மொகத்துல எப்படிம்மா முழிப்பேன்?" அவளிடம் எதையும் சொல்லக்கூடாது என்று என்னிடம் வாக்கு கேட்டாய். நான் தலையைத்தான் ஆட்டினேன். நம் வீட்டில் தலையாட்டுவதற்கு அர்த்தம் சம்மதம் இல்லை என்று உன் அப்பா இத்தனை வருஷத்தில் கற்றுக்கொண்டுவிட்டார், நீதான் இன்னும் கற்றுக்கொள்ளவில்லை.

அப்பாவின் இடுப்புக் கதையில் பாதிதான் உனக்குத் தெரியும். நீ பிறந்து தொப்புள்கொடி விழுந்த சமயம். ரயில்பாதைக்கு அடியில் போடும் சிலிப்பர் கட்டைகளைத் தூக்குகிற கூட்டத்தில் அப்பா இருந்தார். மழையில் ஊறிய கட்டை ஒன்றை முன்பக்கம் பிடித்திருந்தவன் சொல்லாமல் கீழே விட்டுவிட்டான். அப்பாவைப் பலகையில் வைத்துக்கொண்டுவந்து பாயில் கிடத்தினார்கள். மூச்சு விட்டாலே "அம்மா" என்பார். கூட்டத்துக்குக் கங்காணியான மண்டோர் வாசலில் நின்று, "திங்கக்கெழம வரலேன்னா பேர வெட்டிடுவாங்க லா, தங்கச்சி, நான் என்ன செய்ய முடியும்?" என்று தலையைச் சொறிந்தார். நல்ல மனிதர்தான். ஆனால் பேர் போனால் ரயில்வே கொடுத்த லயத்து வீடும் போகும். பச்சைக் குழந்தையை வைத்துக்கொண்டு சடக்கில், நடுத்தெருவிலா நிற்பது?

அப்போது என் இடுப்பில் பெங்குங் கட்டியிருந்தது. உனக்குப் பிரசவம் பார்த்தவர் பக்கத்து மலாய்க் கம்பத்து மருத்துவச்சி மக் லிமா. மலாய்க்காரர்கள் பிள்ளை பெற்றவளுக்கு இடுப்பிலிருந்து நெஞ்சுக்குக் கீழ்வரை நீளமான துணியைச் சுற்றி, சுற்றுக்கு ஒரு முடிச்சாகப் போடுவார்கள். அதுதான் பெங்குங். நம் ஊரில் வயிற்றுக்குத் துணி கட்டுவதுண்டு, ஆனால் இவ்வளவு நேர்த்தியாக இல்லை. அதைக் கட்டிய அன்றே எனக்கு முதுகுக்குப் பின்னால் யாரோ கை கொடுத்து நிற்பது போல இருந்தது. அப்பா பாயில் முனகுவதைப் பார்த்தேன். சாமி படத்தைப் பார்த்தேன். தீட்டுத் துணி அது, ஆண் தொடவே கூடாது. "முருகா, தீட்டை நீ என் கணக்கில் எழுதிக்கொள்" என்று சொல்லிவிட்டு அவிழ்த்தேன். அப்பாவை ஒருக்களிக்க வைத்து, மக் லிமா எனக்குச் செய்த மாதிரியே, இடுப்பெலும்பில் இறுக்கமாக ஆரம்பித்து மேலே போகப் போகத் தளர்த்தி, மூச்சு விட இடம் வைத்து முடிச்சுப் போட்டேன். சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார். இரண்டு பேருமே அழுதோம். நீயும் அழுதாய், அது பாலுக்கு.

திங்கட்கிழமை வேலைக்குப் போனார். இலேசான வேலையாகக் கொடுக்கச் சொல்லி மண்டோர் பார்த்துக்கொண்டார். ஆனால் சட்டை நனைந்து உடம்போடு ஒட்டியதும் முடிச்சு வரிசை வெளியே தெரிந்துவிட்டது. கூட்டத்தில் ஒருத்தன், "அண்ணே, ஆம்பளப் புள்ளையா, பொம்பளப் புள்ளையா?" என்றானாம். இன்னொருத்தன், "சும்மா இருடா, பச்ச ஒடம்புக்காரர், காத்து பட்டுடப் போவுது" என்றானாம். மத்தியானம் யாரோ அவர் சோற்றுக்குப் பக்கத்தில் பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கிற மாதிரி ஒரு கட்டு வெற்றிலையும் பெருங்காயமும் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். வீட்டுக்கு வந்தவர் துணியை உருவி எறிந்தார். "முதுகு ஒடிஞ்சு செத்தாலும் சாவேன், இதக் கட்டிக்கிட்டுப் போவ மாட்டேன்." மறுநாளே மறுபடி பாயில் விழுந்தார்.

வலியைக் காட்டிலும் வெட்கம் பெரிது என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். அதனால் அவரோடு வாதாடவில்லை. பழைய கித்தான் துணி ஒன்றை வாங்கி மடித்து இரட்டையாகத் தைத்தேன். நடுவில் பிரம்பைச் சீவி வரிசையாகச் செருகினேன். சப்பாத்து தைக்கிற சீனரிடம் கொடுத்து வாரும் கொக்கியும் வைத்துக்கொண்டேன். அந்தச் செலவைக் கணக்கில் மருந்து என்று எழுதுவதா, துணிமணி என்று எழுதுவதா என்று ரொம்ப நேரம் யோசித்து, கடைசியில் 'வேலைச் சாமான்' என்று எழுதினேன். மண்வெட்டிக்குக் கீழே அது உட்கார்ந்தது. அப்பா அதைக் கட்டிக்கொண்டு போனார். கொக்கியும் வாரும் இருந்ததால் யாரும் வாய் திறக்கவில்லை. பெங்குங் செய்த வேலையைத்தான் அதுவும் செய்தது, ஆனால் பார்க்க ஆண்பிள்ளைச் சாமானாக இருந்தது. போகப் போக, கேலி பேசினவனே, "அண்ணி, எனக்கும் ஒண்ணு தெச்சுக் குடுங்க, வீட்டுக்காரிக்குத் தெரிய வேணாம்" என்று வந்து நின்றான்.

இங்கேதான் நான் தப்பு செய்தேன். நல்லது என்றால் எந்நேரமும் நல்லதுதானே என்று நினைத்தேன். சாமி விளக்கை அணையாமல் பார்த்துக்கொள்கிற மாதிரி, அந்த வாரை அவர் இடுப்பை விட்டு இறங்கவே விடவில்லை. படுக்கும்போதும் நானே இன்னும் ஒரு துளை இறுக்கிவிடுவேன். மாதக்கணக்கில் அப்படியே போனது. ஒரு நாள் கித்தான் நனைந்து கொடியில் காய்ந்தது. அப்பா தொட்டியிலிருந்து ஒரு செம்பு தண்ணீர் மொள்ளக் குனிந்தார், செம்பைத் தூக்க முடியவில்லை. கட்டை விழுந்ததனால் அல்ல தம்பி, முதுகு தன் வேலையையே மறந்துபோயிருந்தது. "கழட்டினா நிக்க மாட்டேங்குது" என்று அவரும் அன்றைக்கு இதே வார்த்தையைத்தான் சொன்னார்.

மக் லிமா வந்து பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். "அலாமாக்! பிள்ளை பெத்தவளுக்கே பெங்குங்குக்கு ஒரு கெடு உண்டு. கெடு முடிஞ்சா அவ உடம்பை அவதான் சுமக்கணும். நீ உன் புருஷனைப் பொட்டலம் கட்டி வெச்சிருக்கே" என்று மலாயில் திட்டினார். பிறகு அவரே வழியும் சொன்னார். வேலை செய்யும்போது மட்டும் கட்டு. கோயிலுக்கு நடக்கிறபோது கழற்று. கழற்றிய நேரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டு. காலையில் தரையில் மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, இடுப்பை மெல்லத் தூக்கி மெல்ல இறக்கு. பிள்ளை பெற்றவள் செய்கிற பயிற்சிதான் அது. கதவைச் சாத்திவிட்டு அப்பா செய்தார். முதல் நாள் வலித்தது, பிறகு குறைந்தது. எதைத் தூக்கினாலும் முதுகை வளைக்காமல் முழங்காலை மடக்கி உட்கார்ந்து, சாமானை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு எழக் கற்றுக்கொண்டார். இன்றைக்கும் அவர் ரயில் கேட்டைத் திறந்து மூடி வேலை பார்க்கிறார் என்றால், வார் பாதி, வாரைக் கழற்றியது பாதி. தைப்பூசத்தில் காவடி எடுப்பவர்கள் இடுப்பில் துண்டை இறுக்கிக் கட்டிக்கொள்வதில்லையா? முருகன் அதைக் குறையாக எடுத்துக்கொண்டதாக நான் கேட்டதில்லை. ஆனால் காவடியை இறக்கிவைத்த பிறகும் யாரும் அந்தத் துண்டைக் கட்டிக்கொண்டு தூங்குவதில்லை.

உன் விஷயத்துக்கு வருகிறேன். உன்னைக் கட்டை தூக்க விடக்கூடாது என்றுதான் உன்னைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டு, உன் பலகையில் நானும் இங்கிலீஷ் எழுத்துக் கூட்டிப் படித்தேன். நாற்காலி கிடைத்தால் முதுகுக்கு மோட்சம் என்று நம்பினேன். நீ நெட்டையாக வளர்ந்தாய், மேசை வளரவில்லை. வரைபடத்தின் மேல் நாளெல்லாம் கவிழ்ந்து கிடந்தால் எந்த முதுகுதான் தாங்கும்? அதனால் முதலில் மேசையைக் கவனி. அப்பா நல்ல செங்கலாக நாலு பொறுக்கி வைத்திருக்கிறார். "என் பையன் மேசைக்குப் போவுது, மூலை ஒடையாம இருக்கணும்" என்று சூளைக்காரரிடம் சண்டை போட்டு வாங்கி வந்தார். மேசைக் கால்களுக்கு அடியில் வை. உன் ஆபீஸ் பெரிய கிராணி முறைத்தால், வரைபடத்தில் கோடு நேராக விழும் என்று சொல். மை காய்வதற்குக் காத்திருக்கிறாயே, அந்த நேரத்தில் உட்கார்ந்து ஊதிக்கொண்டிருக்காதே. எழுந்து ஜன்னல்வரை போய் வா. தோள் வாரைக் கழற்றிவிடு, இல்லாவிட்டால் புண் ஆறாது. தோளை இழுத்துக் கட்டினால் படத்தில் இருக்கும் சிப்பாய் மாதிரி நிற்கலாம், இடுப்பு வலி போகாது. வலி காலில் இறங்கினாலோ கால் மரத்துப்போனாலோ எந்த வாரையும் நம்பாதே, என்னையும் நம்பாதே, நேராக ஆஸ்பத்திரிக்குப் போ.

இனி, நீ கோபப்படப்போகிற இடம். போன வெள்ளிக்கிழமை கல்யாணப் பெண் கமலமும் அவள் அம்மாவும் கூறைப்புடவை எடுக்க ரயிலேறி வந்தார்கள், திரும்பும் வழியில் நம் வீட்டில் உட்கார்ந்தார்கள். நிச்சயதார்த்தத்தன்று நடந்தது உனக்கு நினைவிருக்கும். தாம்பூலத் தட்டு மாற்றும்போது அப்பா எழுந்து நின்றார், சம்பந்தி எழுந்திருக்கவில்லை, உட்கார்ந்தபடியே தட்டை வாங்கிக்கொண்டார். அன்றிலிருந்து உன் அப்பா வாய் ஓயவில்லை. "கெடங்குல மூட்டைக்கு மண்டோரா இருக்கவருக்கு அவ்வளவு கித்தாப்பா? நாம என்ன தரையில கெடக்கோமா?" வந்தவர்களிடமும் முகம் கொடுத்துப் பேசாமல் ஓரமாக உட்கார்ந்திருந்தார். நான் காப்பியைக் கொடுத்துவிட்டு, மனதுக்குள் முருகனைக் கூப்பிட்டுக்கொண்டு சொல்லிவிட்டேன். "சம்பந்தியம்மா, இதைச் சொல்லாம தாலி கட்ட வெச்சா எனக்குத் தூக்கம் வராது. தம்பிக்கு முதுகு வலி இருக்கு. குனிஞ்சா எந்திரிக்கச் சிரமப்படறான். உள்ளுக்குள்ள வார் கட்டிக்கிறான். கல்யாணத்தைத் தள்ளிவெக்கச் சொல்லி எழுதியிருக்கான்."

அந்தம்மாவின் கையில் காப்பி அப்படியே நின்றது. அப்பா என்னை முறைத்த முறைப்பில், முடிந்தது, தட்டு திரும்பி வரப்போகிறது என்றே நினைத்தேன். அப்போது கமலம் புடவை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள் தம்பி. அவள் அம்மா, "ஏய், சும்மா இருடி" என்று தொடையில் கிள்ளினார்.

"எதுக்கும்மா சும்மா இருக்கணும்? அவங்க சொல்லிட்டாங்க. நாமதான் இன்னும் சொல்லல."

"என்னத்த சொல்லல?" என்றார் அப்பா.

"மாமா, நிச்சயத்தன்னிக்கு எங்கப்பா எந்திரிக்கலன்னு உங்களுக்கு வருத்தந்தானே? அவரால முடியல மாமா. மூட்டை தூக்கித் தூக்கிப் போன இடுப்பு. சட்டைக்குள்ள இம்மாம் பெரிய வார். மாப்பிள்ளை வீட்டு முன்னால நிமிந்து இருக்கணும்னு அம்மா அன்னிக்குக் கடைசித் துளைவரைக்கும் இழுத்துக் கட்டிட்டாங்க. உக்காந்தவரு மரம் மாதிரி ஆயிட்டாரு. மத்தவங்க வீட்டுல கொடை மாட்டற ஆணியில எங்க வீட்டுல வார்தான் தொங்கும். பொண்ணு பாக்க நீங்க வந்தன்னிக்கு அதுமேல சாமி படத்த மாட்டி மறைச்சோம்."

பிறகு உன் அப்பா செய்ததைக் கேள். காலையில் அரிசி மூட்டை இறக்கியிருந்ததால் வார் கட்டியிருந்தார். எழுந்து, சம்பந்தியம்மா இருக்கிறார் என்று கூடப் பார்க்காமல், சட்டையைத் தூக்கிக் காட்டினார். "இந்தா பாரும்மா! அன்னிக்கு நானும் இதக் கட்டிக்கிட்டுதான் எந்திரிச்சு நின்னேன், வீட்டுக்கு வந்து இவதான் எண்ணெய் தேச்சு விட்டா. உங்கப்பா கெட்டிக்காரரு, உக்காந்துட்டாரு." அந்தம்மா சிரிப்பும் அழுகையுமாகக் காப்பியை மடியில் கொட்டிக்கொண்டார். ஒரு கூடத்தில் இரண்டு சம்பந்திகள் ஒருவருக்கொருவர் தெரியாமல் வாரைக் கட்டிக்கொண்டு விறைத்து உட்கார்ந்திருந்ததை நினைத்தால் எனக்குப் பூசையிலும் சிரிப்பு வருகிறது.

அம்மி விஷயத்தை ஆரம்பித்ததும் கமலம்தான். "அத்தை, அம்மியத் தரையிலதான் போடணுமா? ஒரு பலகை மேல வெச்சா அவரு மணையில உக்காந்தபடியே மெட்டி போடலாமே? காலை நானே தூக்கி வெச்சுக்கறேன், எனக்கு முதுகு நல்லாத்தானே இருக்கு" என்றாள். "ஐயர் ஒத்துக்குவாரா?" என்றார் அவள் அம்மா. "அவரே குனிஞ்சு எந்திரிக்கறப்ப நாலு சாமி பேரச் சொல்றாரு, அவரா ஒத்துக்க மாட்டாரு?" என்றார் அப்பா. மறுநாள் கோயிலில் நானே கேட்டேன். கால் கல்லில் படவேண்டும், பெண்ணின் மனசு கல் மாதிரி உறுதியாக இருக்கவேண்டும், உயரம் உங்கள் சௌகரியம் என்று சொல்லிவிட்டார். பலகையைத் தச்சரிடம் சொல்லியாகிவிட்டது.

ரயில் கார்டு வசம் இந்தக் கடிதத்தோடு ஒரு பொட்டலமும் செங்கலும் வருகின்றன. பொட்டலத்தில் இருப்பது புது இடுப்பு வார். பிரம்பு மெல்லியதாகச் சீவியது, உள்பக்கம் என் பழைய நூல்புடவை, உறுத்தாது. பனியனுக்கு மேல் கட்டு. உட்கார்ந்து பார், மூச்சு தாராளமாக வரவேண்டும். கல்யாணத்தன்று கடைசித் துளைக்குப் போகாதே, உன் மாமனாருக்கு ஆனது உனக்கும் ஆகும். மணவறையில் உட்காரும்போது கட்டிக்கொள், சாப்பாட்டுப் பந்திக்குப் போகும்போது கழற்றிவிடு. நாள் தை மாதம்தான், அதை நான் மாற்றவில்லை.

நாங்கள் ஸ்டேஷனில் வழியனுப்பும்போது கமலம் ரயிலில் ஏறிவிட்டு ஜன்னலில் தலையை நீட்டி என்னைக் கூப்பிட்டாள். "அத்தை, உங்க பிள்ளைக்கு எழுதறப்ப ஒண்ணு சொல்லுங்க" என்றாள். நீ கிள்ளானில் பார்த்து வைத்திருக்கிற வாடகை வீட்டை அவளும் அவள் அப்பாவும் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்களாம். அங்கே கதவுக்குப் பின்னால், உன் உயரத்துக்கு, வாரைக் குனியாமல் எடுத்துக் குனியாமல் மாட்ட வசதியாக, ஊருக்குப் போனதும் அவள் அப்பாவை ஓர் ஆணி அடிக்கச் சொல்லப்போகிறாளாம். அதன்மேல் சாமி படம் எதையும் மாட்டப்போவதில்லையாம்.

அம்மா